சித்தப்பா வீட்டுக்கு ரிவர்ஸ் மார்ட்கேஜ்: திங்கட்கிழமை கையெழுத்து, யாராவது பார்த்துச் சொல்லுங்க

ஹொரமாவு ஏரிக்கரை | வெள்ளி, இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வங்கிக்காரங்க சிலர் இருக்கீங்கன்னு தெரியும், அதான் கேட்கிறேன்.

சித்தப்பாவுக்கு 71, சித்திக்கு 66. அவர் தூரவாணி நகர் ஐடிஐ டெலிபோன் ஃபேக்டரியில் இருந்து விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) வாங்கினவர். பி.எஃப். பென்ஷன் மாசம் 2,400 சொச்சம், அவ்வளவுதான். ராமமூர்த்தி நகரில் முப்பதுக்கு நாற்பது சைட்டில் சொந்த வீடு. கீழே அவங்க, மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு, 11,000. போன வருஷம் சித்திக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனதில் எஃப்டி பாதிக்கு மேல கரைஞ்சிடுச்சு. பையன் புனேயில். கேட்டா அனுப்புவான், ஆனா சித்தப்பா கேட்க மாட்டார்.

பேப்பரில் எங்கேயோ ரிவர்ஸ் மார்ட்கேஜ் (வயசானவங்க சொந்த வீட்டை வங்கியில் அடமானம் வெச்சு, அதிலேயே இருந்துக்கிட்டு மாசாமாசம் பணம் வாங்கற கடன்) பத்திப் படிச்சுட்டு இவரே ஒரு வங்கிக் கிளையில் போய் விசாரிச்சிருக்கார். மறுநாளே ஒரு ஏஜென்ட் பையன் வீட்டுக்கு வந்துட்டான். "வீட்டை வெச்சு 25 லட்சம் தருவோம், நீங்க பாட்டுக்கு இதே வீட்டில் இருங்க, அதில் 15 லட்சத்தை ஒரு பாலிசியில் போட்டா மாசம் 8,500 வரும்"னு சொல்லியிருக்கான். பிராசஸிங் கட்டணம் ஜிஎஸ்டியோட 11,800 கட்டியாச்சு. திங்கட்கிழமை கையெழுத்து. வட்டி 11 சதவீதம். இது நியாயமான வட்டியா? வேற என்ன பார்க்கணும்?

அல்சூர் கரகம் | வெள்ளி, இரவு 10.41

பையன் இருக்கும்போது வீட்டை எதுக்கு அடகு வைக்கணும்? புனேக்கு ஒரு போன் போடுங்க, முடிஞ்சது விஷயம். நம்ம பக்கம் இதெல்லாம் வழக்கமில்ல.

பழைய கேஷியர் | வெள்ளி, இரவு 11.15

வட்டியை அப்புறம் பார்க்கலாம். எனக்கு 25 லட்சம் என்ற எண்ணே இடிக்கிறது.

ரிவர்ஸ் மார்ட்கேஜில் மொத்தமாக அவ்வளவு தர மாட்டார்கள். தேசிய வீட்டுவசதி வங்கியின் வழிகாட்டுதலில், மொத்தமாகத் தரும் தொகை, அந்த வீட்டுக்குத் தரக்கூடிய முழுக் கடனில் பாதிக்கு மேல் போகக் கூடாது, அதற்கும் 15 லட்சம் உச்சவரம்பு, அதுவும் மருத்துவச் செலவுக்கு. மீதி மாதாமாதமோ காலாண்டுக்கு ஒருமுறையோதான் வரும்.

நாளை காலை முதல் வேலையாக சாங்ஷன் லெட்டரை (கடன் ஒப்புதல் கடிதம்) எடுத்து 'இஎம்ஐ', அதாவது மாதத் தவணை, என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இங்கே வந்து சொல்லுங்கள். அதுவரை யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஹொரமாவு ஏரிக்கரை | சனி, காலை 11.50

சார், போய்ப் பார்த்துட்டு வந்தேன். கை நடுங்குது.

தலைப்பிலேயே 'லோன் அகெய்ன்ஸ்ட் ப்ராபர்ட்டி'ன்னு இருக்கு. 25 லட்சம், 180 மாசம், இஎம்ஐ 28,415. முதல் தவணை அடுத்த மாசம் 5-ஆம் தேதி. கூட்டு விண்ணப்பதாரர்னு புனே தம்பி பேர். அவனுக்கு போன் பண்ணினா, "அப்பா ஏதோ ஃபார்ம்ல ரெஃபரன்ஸ் கேட்கிறாங்கன்னு சொன்னார், ஓடிபி வந்துச்சு, குடுத்தேன்"ங்கறான்.

ஏஜென்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், எங்க பிராஞ்ச்ல அந்த ஸ்கீம் இப்போ ஓடல, இது அது மாதிரிதான்"னு சொன்னான். குரலில் ஒரு பதற்றமும் இல்ல.

பழைய கேஷியர் | சனி, பகல் 12.35

ரெண்டும் ஒண்ணு இல்லை, நேர் எதிர். ஏஜென்ட் கொண்டு வந்தது சாதாரண அடமானக் கடன். தவணை தவறினால் 90 நாளில் வாராக்கடன், பிறகு சர்ஃபேசி (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுக்க வழிசெய்யும் சட்டம்) நோட்டீஸ், ஏலம். மாதம் 28,415 கட்டிவிட்டு, பாலிசியில் இருந்து 8,500 வாங்குவது என்ன கணக்கு என்று அந்த ஏஜென்டிடமே கேளுங்கள்.

ரிவர்ஸ் மார்ட்கேஜ் 2007-08 பட்ஜெட்டில் அறிவித்தது. 60 வயது ஆனவர், தானே சம்பாதித்து வாங்கி, தானே குடியிருக்கும் வீட்டை வைத்து வாங்கலாம். தம்பதி என்றால் ஒருவருக்கு 60, மற்றவருக்கு 55-க்குக் குறையாமல். உயிரோடு இருக்கும்வரை தவணை கிடையாது. இருவரில் கடைசி ஆள் காலமான பிறகோ, வீட்டை விற்றாலோ, நிரந்தரமாக வேறிடம் போனாலோதான் கடன் அடைபட வேண்டும். கடன் எவ்வளவு ஏறினாலும் வீடு விற்று வரும் தொகைக்கு மேல் வாரிசிடம் கேட்கக் கூடாது. முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. வரும் தொகை வருமான வரிக் கணக்கில் வருமானம் ஆகாது. கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாறினால் 3 நாள் அவகாசம் தருவது அந்த வழிகாட்டுதலிலேயே உண்டு. உங்கள் சித்தப்பா கையில் இருக்கும் தாளில் இதில் ஒன்றாவது இருக்கிறதா?

34 வருடம் வங்கியில் இருந்தேன். இந்தத் திட்டத்தில் நான் பார்த்த ஃபைல்கள் மூன்று. கிளை மேலாளருக்கு இதில் டார்கெட் இல்லை, 15 வருடம் காத்திருந்து வாங்க வேண்டிய கடன், முதியவரின் வாரிசுகளோடு மல்லுக்கட்ட வேண்டும். அடமானக் கடனுக்கு டார்கெட் உண்டு. பாலிசிக்கும் உண்டு. அதனால்தான் ஒன்றைக் கேட்டுப் போனவர் கையில் இன்னொன்றைத் திணிக்கிறார்கள். இந்தத் திட்டத்தில் மக்கள் ஏமாறுவது பெரும்பாலும் திட்டத்துக்குள் நுழையும் முன்பே.

தங்கவயல்காரன் | சனி, பகல் 1.10

சரி சார், அசல் ரிவர்ஸ் மார்ட்கேஜே கிடைச்சா அந்த வீட்டுக்கு மாசம் எவ்வளவு வரும்? கேஜிஎஃப்ல எங்கப்பா வீட்டுக்கும் கேட்டு வெச்சுக்கறேன், அங்கே வீட்டைவிட அடியில இருக்கிற சுரங்கம்தான் பெரிசு 😄

பழைய கேஷியர் | சனி, பகல் 2.05

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வங்கி மதிப்பு 80 லட்சம். அதில் 75 சதவீதம், அதாவது வட்டியோடு சேர்த்து முடிவில் 60 லட்சம் வரை கடன் ஏறலாம். வட்டி 10.5.

15 வருடத் திட்டம் என்றால் மாதம் சுமார் 13,800 வரும். மொத்தம் கைக்கு வருவது ஏறக்குறைய 24.9 லட்சம். நிற்கும் கடன் 60 லட்சம். 10 வருடம் என்றால் மாதம் சுமார் 28,500. 20 வருடம் என்றால் மாதம் 7,400 மட்டுமே.

தங்கவயல்காரன் | சனி, பகல் 2.12

25 வாங்கி 60 கட்டறதா! கந்துவட்டிக்காரன் தேவலையே!

பழைய கேஷியர் | சனி, பகல் 2.30

கந்துவட்டிக்காரர் 15 வருடம் வாசல் பக்கம் வராமல் இருப்பாரா? கூட்டு வட்டி இப்படித்தான். வங்கி கொள்ளையடிக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த 24.9-க்கு 60 என்பதை முதியவரிடம் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டும். அதைக் காட்டாமல் "நீங்க பாட்டுக்கு இருங்க" என்று சொல்வதுதான் ஏமாற்று.

இன்னொன்று. 71-ல் தொடங்கினால் 86-ல் மாதத்தொகை நின்றுவிடும். வீட்டைவிட்டுப் போகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பணம் வராது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். சித்திக்கு அப்போது 81. அந்த வயதில்தான் ஆள் வைத்துப் பார்க்கும் செலவே ஆரம்பிக்கும்.

நாலாவது பிளாக் பாட்டி | சனி, மாலை 5.40

இத்தனை பேர் பேசுறீங்க, வாங்கினவ ஒருத்தி பேசட்டுமா? ஜெயநகர்ல ஃப்ளாட். 2016-ல எனக்கு 64. அவர் போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. அண்ணன் பசங்க "அத்தை, எங்க பேருக்கு எழுதிடுங்க, நாங்க பார்த்துக்கறோம்"னு வந்து நின்னாங்க. அந்த வாரமே நான் வங்கிக்குப் போனேன்.

மாசம் 14,000. யார்கிட்டயும் கை நீட்டலை, நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா படுத்தின பாட்டைச் சொல்றேன். அஞ்சாவது வருஷம் வீட்டை மறுமதிப்பீடு பண்ண வந்தாங்க. அதுக்குள்ள என் கிளையை வேற கிளையோட சேர்த்துட்டாங்க. புது மேனேஜருக்கு இப்படி ஒரு கடன் இருக்குன்னே தெரியல. "அம்மா, உங்க அக்கவுன்ட்ல கட்டவே இல்லையே"ன்னு கேட்டார்! ரெண்டு மாசம் பணம் நின்னுபோச்சு. பழைய ஒப்பந்த நகலைத் தூக்கிட்டுப் போய் அவர் மேஜையில வெச்சுப் படிக்கச் சொன்னேன், கண்ணாடியும் நானே குடுத்தேன்.

2016-ல 14,000-ல சமையல்காரம்மா, மருந்து, கரென்ட் எல்லாம் போக மிச்சம் இருந்தது. இப்போ சமையல்காரம்மாவுக்கும் மருந்துக்குமே சரியா இருக்கு. தொகை ஏறாது, விலை ஏறும். 2031-ல எனக்கு 79, அன்னிக்கு இது நின்னுடும். அதுக்குன்னு மாசம் ரெண்டாயிரம் தனியா போட்டுட்டு வரேன்.

பழைய கேஷியர் | சனி, மாலை 6.15

பாட்டி சொன்ன மறுமதிப்பீட்டில் ஒரு கொக்கி இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது மதிப்பிட வேண்டும். அதன்பின் வங்கி புது நிபந்தனை தந்து, அதை ஏற்கவில்லை என்றால், மேற்கொண்டு பணம் வராது, பழைய வட்டி மட்டும் ஓடும். இந்தப் பத்தியை யாரும் வாய்விட்டுப் படித்துக் காட்ட மாட்டார்கள். நாமே தேடிப் படிக்க வேண்டும்.

ஒயிட்ஃபீல்ட் ரிட்டர்ன் | சனி, இரவு 9.25

பாஸ்டனில் அடமானக் கடன் நிறுவனம் ஒன்றில் கம்ப்ளையன்ஸ் (விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும்) வேலை பார்த்தேன். இந்தக் கதையைப் படித்ததும் பழைய ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

அங்கே அரசு காப்பீட்டோடு வரும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் 62 வயதுக்கு மேல். விண்ணப்பத்தை நகர்த்தும் முன் வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஓர் ஆலோசகரிடம் முதியவர் பேசியே ஆக வேண்டும், அவர் கடன் கொடுப்பவரின் ஆளாக இருக்கக் கூடாது. இந்தப் பணத்தில் ஆன்யுட்டியோ (மாதாமாதம் பணம் தரும் பாலிசி) இன்சூரன்ஸோ வாங்கினால்தான் கடன் என்று நிபந்தனை போடக் கூடாதென்று 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. காரணம், இதே ஏமாற்று அங்கேயும் நடந்ததுதான். 2010-ல் மேற்பார்வை அமைப்புகள் சேர்ந்து வங்கிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தன. ஏமாற்றும் விளம்பரம், ஒன்றோடு ஒன்றைக் கோத்து விற்பது, இடைத்தரகரைக் கண்காணிக்காமல் விடுவது, எல்லாமே அதில் இருந்தன.

எனக்கு மறக்காதது மனைவிமார் விஷயம். கணவருக்கு வயது அதிகம் என்பதால் தொகை கூடும் என்று அவர் பேரில் மட்டும் கடன் போடுவார்கள், மனைவி பேரைப் பத்திரத்தில் இருந்தே எடுத்துவிடுவார்கள். அவர் போனதும் கடனை அடைத்தாக வேண்டும், இல்லையென்றால் அந்த அம்மா வெளியேற வேண்டியதுதான். 2014-க்குப் பிறகு வந்த புதுக் கடன்களில்தான் இதற்கு விதி மாறியது. வீட்டுவரியும் இன்சூரன்ஸும் கட்டாததால் வீட்டை இழந்தவர்களும் நிறைய. 2015-ல் இருந்து அதைக் கட்ட வசதி இருக்கிறதா என்று முன்பே பார்க்கச் சொன்னார்கள்.

உங்கள் ஏஜென்டுக்குக் கமிஷன் இரண்டு இடத்தில் வருகிறது, கடனில் ஒன்று, பாலிசியில் ஒன்று. ஆலோசனை சொல்ல அவர் லாயக்கில்லை என்பதற்கு அது போதும்.

கோர்ட் கேண்டீன் | ஞாயிறு, காலை 8.10

வக்கீல் கேட்கும் கேள்வி: கிரயப் பத்திரம் யார் பேரில்? மாநகராட்சிச் சொத்துப் பதிவு ஏ-கட்டாவா (முறையானது) பி-கட்டாவா (முறைப்படாதது)? ராமமூர்த்தி நகர் பக்கம் ரெவின்யூ சைட் (விவசாய நிலத்தை முறையாக மாற்றாமல் பிரித்து விற்ற மனை) நிறைய, பி-கட்டா என்றால் வங்கி உள்ளேயே விடாது. பூர்விகச் சொத்தில் கட்டியது என்றாலும் ஆகாது.

அடுத்து மாடி வாடகை. யாருமே அதைத் தொடவில்லை. ரிவர்ஸ் மார்ட்கேஜில் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவது கடனை முன்கூட்டியே அடைக்கச் சொல்ல வங்கிக்குக் காரணம் ஆகலாம். வரி கட்டாமல் விட்டாலும், பராமரிக்காமல் விட்டாலும், தொடர்ந்து ஒரு வருடம் அந்த வீட்டில் இல்லாவிட்டாலும் அப்படித்தான். பையனோடு புனேயில் பதினான்கு மாதம் இருந்துவிட்டு வந்தால்? யோசியுங்கள். 13,800 வாங்குவதற்காக 11,000 வாடகையை விட்டால் உண்மையில் கிடைப்பது 2,800.

வாரிசுக்கு முதல் உரிமை உண்டு, கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம். ஆனால் வழிகாட்டுதல் பேசும் அவகாசம் இரண்டு மாதம் வரை. பெங்களூரில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, ஆள் பிடித்து, வீடு விற்க இரண்டு மாதம் போதுமா? கடன் அடைந்த பிறகு பத்திரத்தை 30 நாளில் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் என்பது 2023 டிசம்பரில் இருந்து நடைமுறை. இதைப் பையனிடம் சொல்லி வையுங்கள்.

இப்போதைக்கு: 2024 அக்டோபரில் இருந்து எந்தச் சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை என்று ஒன்று தர வேண்டும். உண்மையான ஆண்டுச் செலவு சதவீதம், எல்லாக் கட்டணமும் அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். சித்தப்பாவுக்குத் தமிழ் என்றால் தமிழில் கேளுங்கள். அவர்கள் முழிப்பதைப் பார்க்கவாவது கேளுங்கள். பாலிசி ஃபார்மில் கையெழுத்து ஆகியிருந்தாலும் கவலை வேண்டாம், பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் ரத்து செய்யலாம்.

நெறியாளர் | ஞாயிறு, காலை 9.00

"மூத்த குடிமக்களுக்கு 24 மணி நேரத்தில் கடன், வாட்ஸாப் செய்யவும்" என்று இந்த இழையிலேயே ஒருவர் எண்ணோடு பதிவு போட்டிருந்தார். நீக்கியாச்சு, ஆளும் நீக்கம்.

ஹொரமாவு ஏரிக்கரை | ஞாயிறு, மாலை 7.30

எல்லாருக்கும் ஒரே பதிவில் சொல்லிடறேன். நாளைக்குக் கையெழுத்து இல்ல.

கட்டா சரியா இருக்கு, ஏ-கட்டாதான். பத்திரம் சித்தப்பா பேரில் மட்டும். ஒயிட்ஃபீல்ட் சார் எழுதினதைச் சித்திக்குப் படிச்சுக் காட்டினேன். "செங்கல் சுவருக்கு மூணு மாசம் நான்தான் குடம் குடமா தண்ணி ஊத்தினேன். என் பேரு எந்தக் காகிதத்துலயாவது இருக்கா பாரு"ன்னாங்க. சித்தப்பா எழுந்து வெளியே போய்ட்டார்.

திரும்பி வந்ததும் என்மேல கோபம். "என் வீடு, என் கடன், ஊரெல்லாம் எழுதிட்டியா"ன்னார். பேர் போடலைன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த ஜெயநகர் அம்மா பணம் நின்னபோது என்ன பண்ணினாங்களாம்?"னு கேட்டார். படிக்கிறார்னு அர்த்தம்.

அல்சூர் கரகம் | ஞாயிறு, இரவு 8.05

மாடியை லீசுக்கு விட்டுடலாமே? எங்க தெருவில பாதிப் பேர் அப்படித்தான். மொத்தமா பத்துப் பன்னிரண்டு லட்சம் வரும், வாடகை இல்ல, வட்டி இல்ல.

நாலாவது பிளாக் பாட்டி | ஞாயிறு, இரவு 8.20

மூணு வருஷம் கழிச்சு லீஸ்காரன் பணத்தைக் கேட்டா எங்கேயிருந்து குடுப்பீங்க? ஆஸ்பத்திரிக்குப் போன பணம் திரும்பி வருமா? அதுவும் கடன்தான் தம்பி, வட்டிக்குப் பதிலா வாடகையை விடறீங்க.

கோர்ட் கேண்டீன் | ஞாயிறு, இரவு 9.40

பாட்டிக்கு ஒரு வக்கீல் சேம்பர் போட்டுக் கொடுக்கலாம்.

ஹொரமாவு ஏரிக்கரை | மூன்று வாரம் கழித்து, சனி

என்ன ஆச்சுன்னு சிலர் தனிமடலில் கேட்டீங்க.

அடமானக் கடனை ரத்து பண்ணச் சொல்லி எழுத்தில் குடுத்து, சீல் வாங்கியாச்சு. அந்த 11,800 திரும்ப வரலை. கிளையில் வாய்ப்பேச்சோட சரி, எழுத்தில் பதிலே இல்ல. புகார் குடுத்து 30 நாள் ஆனதும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனுக்கு (குறைதீர்ப்பாளர்) போகப் போறோம், 14448-இல் கேட்டுக்கிட்டேன், கட்டணம் ஏதும் கிடையாதாம்.

அசல் ரிவர்ஸ் மார்ட்கேஜுக்கு வேற ஒரு வங்கியில் போனோம், சித்தியையும் கூட்டிக்கிட்டு. மேனேஜர் நல்லவிதமா பேசினார். மாடி வாடகை இருக்கிறவரை வேண்டாம்னு அவரே சொன்னார்.

தம்பி புனேயில் இருந்து வந்து நாலு நாள் இருந்தான். அப்பா சும்மா வாங்க மாட்டார்னு அவனுக்குத் தெரியும். "வங்கி மாசாமாசம் குடுத்து கடைசியில் வீட்டை எடுத்துக்குது. அதே வேலையை நான் பண்றேன், வட்டி வேண்டாம்"னான். மாசம் 12,000. சித்தப்பா ஒரு நோட்டு போட்டு, முதல் மாசத் தொகையைத் தேதியோட எழுதியிருக்கார். வீட்டை இப்பவே அவன் பேருக்கு எழுதிடலாமான்னு யோசிக்கிறார். எழுதலாமா?

கோர்ட் கேண்டீன் | சனி, இரவு 10.15

தானப் பத்திரமா? வேண்டாம். பையன் தங்கமானவனாக இருக்கலாம், இப்போது கடன் கொடுப்பவர் அவர்தானே, வங்கிக்குக் கேட்ட கேள்வியை அவருக்கும் கேட்க வேண்டும். உயில் எழுதச் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம். கட்டாயம் பத்திரம்தான் என்றால், இருவரையும் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுதி, பார்க்காமல் விட்டால், 2007 முதியோர் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் தீர்ப்பாயத்துக்குப் போய்ச் செல்லாததாக்கலாம். எதுவானாலும் சித்திக்கு வாழ்நாள் குடியிருப்பு உரிமை தனி வரியாக வர வேண்டும்.

ஹொரமாவு ஏரிக்கரை | சனி, இரவு 10.32

சித்தி பக்கத்துலதான் இருக்காங்க. "அந்த வரியை முதல்ல எழுதச் சொல்லு"ங்கறாங்க.

காக்ஸ் டவுன் கீதாஞ்சலி | ஞாயிறு, காலை 7.05

புதுசா சேர்ந்திருக்கேன், முழுசும் படிச்சேன். எங்கம்மாவுக்கு 69, அப்பாவுக்கு 75, வாடகைக்கு விடாத தனி வீடு. ஒரு ஏஜென்ட் நேத்து வந்துட்டுப் போனார், பேப்பர் எதுவும் இன்னும் தரலை. என்ன கேட்கணும் முதல்ல?

பழைய கேஷியர் | ஞாயிறு, காலை 7.20

அவரை யார் அனுப்பினது என்று கேளுங்கள். பத்திரம் யார் பேரில் இருக்கிறது?